தோட்ட ஆபீஸ் புலனக் குழுவில் ஐசியும் எம்சியும் போடலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குச் செம்பனைத் தோட்ட ஆபீஸில் கிராணி (எழுத்தர்) வேலை. காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் மண்டோர்கள் (வேலையை மேற்பார்க்கிறவர்கள்) செக்ரோல் (ஆள் வருகைப் பதிவேடு) பக்கத்தைப் படம் எடுத்துப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் போடுகிறார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களின் ஐசி (அடையாள அட்டை), பாஸ்போர்ட், எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று), சில நேரம் சம்பளச் சீட்டு எல்லாம் அதே குழுவில்தான் வருகிறது. வாட்ஸ்அப் முழுக்கப் பூட்டிய செயலி, யாராலும் பார்க்க முடியாது, பயப்படாதே என்கிறார் மேனேஜர். தலைமை அலுவலகமோ மாதா மாதம் பணம் கட்டும் வேறு செயலிக்கு மாறச் சொல்கிறது. யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசியில், ‘நாளைக்கு ஏதாவது வெளியே போய்விட்டால் என் தலையிலா விழும்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்க வந்ததே அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். தோட்ட ஆபீஸ்களில் 20 வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டேன். முதலில் சின்னக் கிராணி, அப்புறம் பெரிய கிராணி, கடைசி ஒன்பது வருஷம் ஏழெட்டு ஆபீஸ்களின் கம்ப்யூட்டரும் பதிவேடுகளும் என் பொறுப்பில் இருந்தன. நான் வழக்கறிஞர் இல்லை. செயலி எப்படி வேலை செய்கிறது, ஆபீஸில் எது எங்கே ஒழுகும் என்பதை உறுதியாகச் சொல்வேன். சட்டத்தில் எழுதியிருப்பதையும் சொல்வேன். உங்கள் விஷயத்தை ஒரு நீதிமன்றம் எப்படிப் பார்க்கும் என்பது என் எல்லைக்கு வெளியே.

மேனேஜர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2016 ஏப்ரலிலிருந்து வாட்ஸ்அப்பில் தனிச் செய்தியும் குழுச் செய்தியும் என்ட்-டு-என்ட் என்கிரிப்ஷன் முறையில்தான் போகின்றன. அனுப்புகிறவர் போனில் பூட்டி, வாங்குகிறவர் போனில்தான் திறக்கும். வழியில் தொலைபேசி நிறுவனமோ வாட்ஸ்அப் நிறுவனமோ படத்தைத் திறந்து பார்க்க முடியாது. டெலிகிராமில் குழுக்களுக்கு இந்தப் பூட்டு கிடையாது, இருவர் மட்டும் பேசும் ரகசிய உரையாடலுக்குத்தான் உண்டு. அந்த வகையில் வாட்ஸ்அப் மேல்தான். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு தோட்டத்திலும் விவரம் வழியில் திருடு போனதை நான் பார்த்ததில்லை. எல்லாம் போய்ச் சேர்ந்த இடத்தில்தான் கெட்டது. உங்கள் குழுவில் 38 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு ஐசி படம் போட்டால் 38 போனுக்கு 38 பிரதி போகிறது. அதில் எத்தனை போனுக்குத் திரைப்பூட்டு இருக்கிறது, எத்தனை போனை வீட்டில் பிள்ளைகள் எடுத்து விளையாடுகிறார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, மேனேஜருக்கும் தெரியாது.

பிரதி அங்கேயும் நிற்பதில்லை. ஆண்ட்ராய்டு போனில் மீடியா விசிபிலிட்டி என்று ஒரு செட்டிங் உண்டு. அதைத் தொடாமல் விட்டால் குழுவில் வந்த படம் போன் கேலரியிலும் வந்து உட்காரும். அந்த ஃபோல்டரை கூகல் போட்டோஸ் பேக்கப் எடுக்கிறபடி வைத்திருந்தால் அங்கேயும் ஒரு பிரதி. அதே கணக்கு பிள்ளையின் டேப்லெட்டில் இருந்தால் அங்கேயும் திறந்து பார்க்கலாம். ஒரு முறை ஒரு மண்டோர் வீட்டுக்கு அவர் போனைச் சரிபார்க்கப் போனேன். அவர் மகள், ஏழு வயசு இருக்கும், பள்ளி நடனப் படம் காட்டுகிறேன் மாமா என்று டேப்லெட்டைத் தள்ளிக்கொண்டே வந்தாள். நடனப் படத்துக்கும் பிறந்தநாள் கேக்குக்கும் நடுவில் வரிசையாகப் பதினோரு வங்காளதேசப் பாஸ்போர்ட். வாட்ஸ்அப் உரையாடலை கூகல் டிரைவுக்கு பேக்கப் எடுக்கிறார்களே, அதற்கும் அந்த என்ட்-டு-என்ட் பூட்டு தானாக வராது. 2021-இல்தான் அந்த வசதியே வந்தது, அதுவும் நாமே போய்ப் போட்டால்தான். மேனேஜர் சொல்லும் பூட்டு இந்த இடங்களில் எதற்கும் காவல் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சொல்லக் கஷ்டமாக இருந்தாலும். நான் பார்த்துக்கொண்ட ஒரு தோட்டத்தில் ஒரு பெண் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. நாலாம் நாள் பெரட்டுக்கு வந்து மருத்துவமனைத் தாளை மண்டோரிடம் கொடுத்தார். நாலாக மடித்த தாள். மண்டோர் அதை மோட்டார் சைக்கிள் சீட்டில் விரித்து, இருட்டாக இருந்ததால் டார்ச் அடித்துப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். எம்சி மட்டும் இல்லை, டிஸ்சார்ஜ் தாளும் சேர்ந்தே இருந்தது. அதில் கருச்சிதைவு என்று எழுதியிருந்தது. அந்தப் பெண் மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் லயத்து வீடு முழுக்கத் தெரிந்துவிட்டது. மண்டோருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, ஆள் வராததற்கு ஆதாரம் காட்டினார், அவ்வளவுதான். அந்தக் குழுவில் அன்றைக்கு நானும் இருந்தேன். படத்தைப் பார்த்தும் உடனே எடுக்கச் சொல்லாமல் நான் போட்ட கட்டைவிரல் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் நிறைவேறி 2013 நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. பிடிபிஏ என்று சொல்வது இதைத்தான். உடல்நலம், மனநலம், மதம், அரசியல் கருத்து, குற்றப் பின்னணி இவற்றை அது உணர்வுமிக்க தரவு என்று தனியாக வைக்கிறது. எம்சி அதில் வந்துவிடுகிறது. 2024-இல் திருத்தினார்கள், 2025-இல் படிப்படியாக அமலாக்கினார்கள். விரல்ரேகை, முக அடையாளம் போன்றவையும் இப்போது அதே வகையில் சேர்ந்துவிட்டன (உங்கள் ஆபீஸ் வாசலில் விரல் வைக்கும் மெஷின் இருந்தால் அதையும் கவனியுங்கள்). தரவுக் கோட்பாடுகளை மீறினால் முன்பு 3 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை இருந்த அபராதம் இப்போது 10 லட்சம் வெள்ளி வரை, சிறை 3 வருஷம் வரை. 2025 ஜூன் 1 முதல், கணிசமான பாதிப்பு வரக்கூடிய கசிவு நடந்தால், அல்லது 1,000 பேருக்கு மேல் விவரம் போனால், 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். கணிசமான பாதிப்பு வரும் என்றால் அதற்குப் பிறகு 7 நாளுக்குள் சம்பந்தப்பட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும். 20,000 பேருக்கு மேல் விவரம் வைத்திருக்கும் கம்பெனி தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். ஒரு தோட்டத்துக்கு அந்த எண்ணிக்கை வராது, ஆனால் பல தோட்டம் வைத்திருக்கும் கம்பெனிக்கு வரலாம். உங்கள் தலைமை அலுவலகம் திடீரென்று செயலியை மாற்றச் சொல்வதற்கு இது காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்தான்.

இதில் பெரும்பாலோர் கவனிக்காத ஒரு முடிச்சு இருக்கிறது. பிடிபிஏ, தேவை முடிந்த தரவை வைத்திருக்காதே, அழி என்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், தொழிலாளர் பதிவேட்டை 6 வருஷத்துக்குப் பார்வைக்குக் கிடைக்கும்படி வை என்கிறது. வருமான வரிக் கணக்குக்கு 7 வருஷம். அப்படியென்றால் ஆபீஸுக்கு இரண்டு கடமை, சிலதைப் பத்திரமாக வைக்க வேண்டும், சிலதை உறுதியாக அழிக்க வேண்டும். புலனக் குழுவால் இரண்டுமே முடியாது. மண்டோர் போன் கால்வாயில் விழுந்தால் செக்ரோல் படம் போச்சு. அழிக்கலாம் என்றால் 38 போனிலிருந்து அழிக்க வழியில்லை. எல்லோருக்கும் அழி என்ற வசதி சுமார் இரண்டு நாள்தான் வேலை செய்யும், அதற்குள் கேலரிக்குப் போன பிரதியை அது தொடும் என்று நம்ப முடியாது. மறையும் செய்தியை 24 மணி, 7 நாள், 90 நாள் என்று வைக்கலாம். ஆனால் செக்ரோலின் ஒரே பிரதி அந்தக் குழுவில்தான் இருக்கிறது என்றால் அதுவும் சேர்ந்து மறைந்துவிடும், தொழிலாளர் இலாகா அதிகாரி வந்து கேட்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. கசிவுதான் ஆபத்து என்று நினைக்கிறோம், வைக்க வேண்டியதை வைக்காததற்கும் தண்டனை உண்டு. 2021 டிசம்பரில் அமெரிக்காவில் ஜேபி மோர்கன் நிறுவனம் இரண்டு கண்காணிப்பு அமைப்புகளுக்குமாக 20 கோடி டாலர் கட்டியது. ஊழியர்கள் வேலை விஷயத்தை வாட்ஸ்அப்பிலும் சொந்த போனிலும் பேசினார்கள், அந்தப் பேச்சு நிறுவனத்தின் பதிவில் இல்லை, அதற்குத்தான். அந்த விதி அங்கே பங்குச் சந்தைக்காரர்களுக்கு, நமக்கு இல்லை. ஆனாலும் காரணம் ஒன்றுதான், ஆபீஸின் பதிவு ஆபீஸின் கையில் இல்லை.

அப்படியானால் தலைமை அலுவலகம் சொல்வதுதான் சரியா? பாதி சரி. ஸ்லாக், டீம்ஸ் மாதிரிச் செயலிகளில் கணக்கு கம்பெனியுடையது. ஆள் வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே கணக்கை மூடலாம், எத்தனை நாள் செய்தி இருக்க வேண்டும் என்று கம்பெனியே தீர்மானிக்கலாம், யாருக்கு எந்த அறை என்று பிரிக்கலாம். புலனத்தில் கிடைக்காதது இதுதான். ஆனால் அங்கே சாதாரணப் பேச்சுக்கு வாட்ஸ்அப் மாதிரிப் பூட்டு கிடையாது, நிர்வாகத்தால் உரையாடலை எடுத்துப் படிக்க முடியும். அதைத் தொழிலாளர்களுக்குச் சொல்லாமல் மாற்றக் கூடாது. சங்க விஷயம் பேசும் குழுவை அந்தச் செயலிக்குக் கொண்டுபோகவே கூடாது, இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. பணம் கட்டினால் பாதுகாப்பு தானாக வரும் என்பதும் இல்லை. 2024 ஜூலையில் டிஸ்னி நிறுவனத்தின் ஸ்லாக்கிலிருந்து 4 கோடிக்கு மேற்பட்ட செய்திகள் வெளியே போயின. ஓர் ஊழியர் தன் சொந்தக் கம்ப்யூட்டரில் இறக்கிய ஏஐ மென்பொருளில் கிருமி இருந்தது, அதன் வழியாக உள்ளே நுழைந்துவிட்டார்கள். 2025 மார்ச்சில் அமெரிக்காவின் உயர் அதிகாரிகள் சிக்னல் செயலியில் ராணுவத் தாக்குதல் பற்றிப் பேசிய குழுவில் ஒரு பத்திரிகை ஆசிரியரைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள். சிக்னலின் பூட்டில் ஒரு குறையும் இல்லை. குழுவில் யார் இருக்கிறார்கள் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. உங்கள் 38 பேரில் இப்போது வேலையில் இல்லாதவர் எத்தனை பேர் என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். நான் எண்ணிய எந்தக் குழுவிலும் அந்த எண்ணிக்கை பூஜ்யமாக இருந்ததில்லை.

இனி உங்கள் தலைக்கு வருவோம். உறுதியாகச் சொல்லக்கூடியது: தரவுக்குப் பொறுப்பாளர் என்று சட்டம் முதலில் கம்பெனியைத்தான் பார்க்கும், கிராணியை இல்லை. கம்பெனி குற்றம் செய்தால் இயக்குநர், மேனேஜர் போன்றவர்கள் மீதும் சேர்த்துக் குற்றம் சாட்டலாம் என்று அதிலேயே இருக்கிறது. ஆனால் கம்பெனியின் சம்மதம் இல்லாமல் ஒருவர் தெரிந்தே தனிநபர் விவரத்தை எடுத்தாலோ வெளியிட்டாலோ அது அவருடைய சொந்தக் குற்றம், 5 லட்சம் வெள்ளி வரை அபராதம், 3 வருஷம் வரை சிறை. ஆகவே குழுவில் வந்த ஐசியை மச்சானின் கடன் ஏஜெண்டுக்கு அனுப்பினேன் என்றால் மேனேஜர் பின்னால் ஒளிய முடியாது. சந்தேகமான பகுதி குழு அட்மின் நிலைமை. சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு, ஒரு வெளியீட்டின் அட்மின் என்று காட்டப்படுகிறவரை, மறுத்து நிரூபிக்கும் வரை, வெளியிட்டவராகவே எடுத்துக்கொள்ளும். மண்டோர் போட்ட ஒரு எம்சி படத்துக்கு அது உங்கள் மேல் எவ்வளவு தூரம் வரும் என்பது அந்தந்த வழக்கின் விவரத்தைப் பொறுத்தது, அதை ஒரு வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். என் அறிவுரை, நீங்கள் மட்டும் அட்மினாக இருக்காதீர்கள். மேனேஜரும் அட்மினாக இருக்கட்டும், இந்தக் குழு வேலைக்கு எப்படிப் பயன்பட வேண்டும் என்று அவர் கையெழுத்தோடு ஒரு தாள் ஃபைலில் இருக்கட்டும். இது என் சொந்த போன், சொந்தக் குழு என்ற வாதமும் நிற்காது, வீட்டு விஷயத்துக்குத்தான் சட்டத்தில் விலக்கு.

நான் நடத்திப் பார்த்து ஒத்துவந்த முறையைச் சொல்கிறேன், புதுச் செயலி வந்தாலும் வராவிட்டாலும் இது செய்யலாம். குழுவில் பேச்சு மட்டும் இருக்கட்டும்: எந்த லோட்டில் (தோட்டப் பகுதியில்) வெட்டு, லோரி எத்தனை மணிக்கு, மழைக்கு எங்கே நிறுத்தினோம். ஆளைக் குறிக்க ஐசி நம்பர் வேண்டாம், செக்ரோல் நம்பரே போதும். ஐசியின் 12 எண்ணிலேயே பிறந்த தேதி, பிறந்த மாநிலம், கடைசி எண்ணில் ஆணா பெண்ணா என்பது வரை வந்துவிடுகிறது, அதற்கு மேல் ஒருவனுக்கு என்ன வேண்டும்? எம்சி என்றால் ‘நம்பர் 214, எம்சி 2 நாள்’ என்று எழுதினால் வேலை முடிந்தது, தாள் ஆபீஸுக்குக் கையில் வரட்டும். ஐசி, பாஸ்போர்ட் படமாக வந்தே ஆக வேண்டும் என்றால் கம்பெனி பெயரில் ஒரு நம்பர், ஆபீஸிலேயே இருக்கும் ஒரு போன், அந்த நம்பருக்கு மட்டும் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். அன்றைக்கே ஆபீஸ் கம்ப்யூட்டரில் இரண்டு பேர் மட்டும் திறக்கும் ஃபோல்டருக்கு மாற்றிவிட்டு, அனுப்பிய போன், ஆபீஸ் போன் இரண்டிலிருந்தும் அழியுங்கள். செக்ரோல் படமும் அங்கேதான் போக வேண்டும். நாம் ஐசி நகல் கொடுக்கும்போது இரண்டு கோடு போட்டு ‘இந்தக் காரியத்துக்கு மட்டும்’ என்று எழுதிக் கொடுக்கிற பழக்கம் ஊரில் எல்லோருக்கும் உண்டு. போனில் படம் எடுக்கும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம். படத்தின் மேலும் அப்படி எழுதலாம், புலனத்திலேயே அந்த வசதி இருக்கிறது.

சம்பளச் சீட்டு பற்றிச் சுருக்கமாக: அவரவருக்குத் தனியாக, கையில் அல்லது அவர் நம்பருக்கு. குழுவில் ஒருபோதும் வேண்டாம்.

தரவு பற்றிய அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதோடு நிறுத்தாமல், உங்கள் ஐசியை எதற்கு வாங்குகிறோம், எங்கே வைக்கிறோம் என்று பெரட்டில் தமிழிலும், வங்காளம் தெரிந்த ஆளைக் கொண்டு வங்காளத்திலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். லயத்தில் இருக்கிற பாட்டிக்கும் தன் அட்டை எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

போன் தொலைந்தால் என்ன செய்வது என்று இப்போதே ஒட்டி வையுங்கள். உடனே ஆபீஸுக்குச் சொல்ல வேண்டும், திட்டு விழாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் சொல்வார்கள். அட்மின் அந்த நம்பரைக் குழுவிலிருந்து எடுக்க வேண்டும். சிம்மை முடக்கி மாற்று சிம் எடுத்து வேறு போனில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் பழைய போனில் அது தானாக வெளியேறிவிடும். கேலரியில் கிடக்கும் படங்களுக்கு இது உதவாது, அதற்குத்தான் மீடியா விசிபிலிட்டியை இன்றைக்கே அணைக்கச் சொல்வது. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் தேசிய மோசடிப் புகார் மையத்தின் 997-க்கு அழையுங்கள். வாட்ஸ்அப்பைத் திறக்க வரும் ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும், மேனேஜர் குரலிலேயே கேட்டாலும், கொடுக்கக் கூடாது. டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை எல்லோர் போனிலும் போட்டுவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நாளைக்குக் காலையில் ஒன்று செய்யுங்கள். பெரட்டு முடிந்ததும் மண்டோர்கள் அங்கேயே நிற்கும்போது, ஒவ்வொருவர் போனிலும் லிங்க்டு டிவைசஸ் என்ற பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ஒரு போனோடு நாலு கருவி வரை இணைக்கலாம், போன் அணைந்திருந்தாலும் அவை ஓடும். போனையே 14 நாளுக்கு மேல் தொடாமல் விட்டால் அவை தாமாக வெளியேறும். ஆபீஸ் பொதுக் கம்ப்யூட்டரில் போன வருஷம் திறந்து மூடாமல் விட்டது, மகன் லேப்டாப், தெரியாத ஏதோ குரோம் என்று நிச்சயம் ஒன்றிரண்டு வரும். தெரியாத பெயர் இருந்தால் முதலில் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் லாக்அவுட் செய்யுங்கள். எந்தப் போனில் என்ன இருந்தது என்று தேதி போட்டு நோட்டில் எழுதி, மதியத்துக்குள் மேனேஜரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.